ஃபாயில் சுற்றிய பத்து விரல்கள்

அழகு நிலையத்தில் இருந்த ஏழு வருடமும் அவளுக்கு அரைமணி என்றுதான் பெயர். எந்தக் கையைக் கொடுத்தாலும் மற்றவர்களைவிட அரை மணி நேரம் கூடுதலாகக் கேட்பாள். கேலியாக அந்தப் பெயரை வைத்தவள் நிலையத்தின் முதலாளியம்மா; அங்கே எல்லோருக்கும் மேடம். நாளடைவில் வாடிக்கைக்காரர்களே, அரைமணி இருக்கிறாளா, அவள் கையால்தான் வேண்டும் என்று கேட்டு வர ஆரம்பித்தார்கள். தான் வைத்த பெயரே மேடத்துக்குத் தொண்டையில் முள்ளாகிவிட்டது.

ஜெல் நகப்பூச்சு ஒன்றும் மாயவித்தை இல்லை. ஒழுங்காகப் போட்டால் மூன்று வாரம் நிற்கும். ஒழுங்காக எடுத்தால் அடியில் இருக்கும் நகத்துக்குக் கேடு வராது. நகத்தை மூச்சு விட விடவேண்டும் என்று சிலர் சொல்வார்கள். நகம் செத்த பொருள், அது எங்கே மூச்சு விடுவது? உயிர் இருப்பது வேரில், தோலுக்கு அடியில். நகம் கெடுவது பெரும்பாலும் அவசரத்தால்தான். அரைமணி நக ஓரத்துத் தோலை வெட்ட மாட்டாள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து மரக்குச்சியால் ஒதுக்குவாள். பளபளப்பு போகும் அளவுக்கு மெல்லிய அரத்தால் இரண்டே இழுப்பு. எண்ணெய்ப் பசை போகத் துடைத்துவிட்டு, பூச்சை மெல்லிய படலமாக ஒன்றன் மேல் ஒன்றாகப் போடுவாள். தோலில் ஒரு பொட்டு பட்டிருந்தாலும், பூச்சை இறுகவைக்கும் விளக்குக்குள் கை போவதற்கு முன் துடைத்து எடுத்துவிடுவாள். அந்தப் பூச்சுக்கு எந்த விளக்கு என்று போட்டிருக்கிறதோ அந்த விளக்குதான், அதில் சொன்ன நேரம்தான்.

எடுப்பதில் இன்னும் பிடிவாதம். மேல் பூச்சை அரத்தால் கீறிவிட்டு, பூச்சை இளக்கும் அசிட்டோனில் நனைத்த பஞ்சை நகத்தின்மேல் வைத்து, அது ஆவியாகாமல் இருக்க ஒவ்வொரு விரலையும் அலுமினிய ஃபாயிலால் சுற்ற வேண்டும். பதினைந்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். பிரித்தால் பூச்சு தானாகச் சுருண்டு நிற்கும். குச்சியால் தள்ளினால் வந்துவிடும். வரவில்லை என்றால் திரும்பவும் சுற்ற வேண்டுமே தவிர, சுரண்டக் கூடாது. சுரண்டினால் பூச்சோடு நகத்தின் மேலடுக்கும் சேர்ந்து பெயர்ந்து வரும். இந்த விஷயம் மேடத்துக்கும் தெரியும். ஆனால் மேடத்தின் கடிகாரத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஃபாயில் கிடையாது. மீதியை இரும்புச் சுரண்டி பார்த்துக்கொள்ளும்.

அரைமணியின் பிழைப்பில் மண் விழுந்தது ஒரு மத்தியான இடைவேளையில். நகைக்கடையில் மோதிரப் பிரிவில் விற்பனை செய்யும் ஒரு பெண் அவளிடம் தொடர்ந்து வந்துகொண்டிருந்தாள். மோதிரங்களைத் தன் விரலிலேயே போட்டுக் காட்டி விற்பவள். அவளுக்குக் கைதான் கடை ஜன்னல். அன்று அரைமணி வேறொரு கையில் மும்முரமாக இருந்தாள். மோதிரக்காரிக்கோ அரை மணி நேரத்தில் கடைக்குத் திரும்ப வேண்டும். நான் பார்க்கிறேன் என்று மேடமே உட்கார்ந்தாள். அரைமணி போட்ட பூச்சு கெட்டியாகப் பிடித்திருந்தது. ஐந்து நிமிடத்தில் அது அசையவில்லை. மேடம் சுரண்டியைப் பூச்சுக்கடியில் கொடுத்து நெம்பினாள். இடது கையில் மூன்று நகங்களின் மேலடுக்கு வெங்காயத் தோல்போல உரிந்து வந்தது.

மோதிரக்காரி கையை இழுத்துக்கொண்டு கத்தினாள். மேடத்துக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. முகத்தில் அப்படி ஒரு இரக்கம்.

"பாத்தீங்களா, உங்க அரைமணி செஞ்ச வேலையை? பூச்சு ஒட்டணும்னு மெஷினை வெச்சு நகத்தையே தேச்சுத் தேச்சுக் காகிதமாக்கி வெச்சிருக்கா. பின்ன எதுக்கு அவளுக்கு மட்டும் அரை மணி நேரம் கூட ஆகுது?"

அந்தப் பொய்யின் சாமர்த்தியத்தை நினைத்தால் இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கும். யார் அதிக நேரம் எடுத்துக்கொண்டாளோ அவளுடைய நேரமே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. ஏழு வருடத்தில் தான் யார் நகத்திலும் மெஷினை வைத்ததில்லை என்று அரைமணி சொன்னாள். உரிந்துபோன நகத்தைக் கண் முன்னால் வைத்துக்கொண்டு யார் அதைக் கேட்பார்கள்? கூட வேலை செய்த பெண்கள் தங்கள் தங்கள் கிண்ணங்களைக் கழுவப் போய்விட்டார்கள். சாயங்காலத்துக்குள் அரைமணி வெளியே நின்றாள்.

காயம்பட்ட நகத்தின்மேல் மேடம் சும்மா இருக்காமல் இன்னொரு பூச்சையும் போட்டு அனுப்பியிருந்தாள். விளக்குக்குள் வைத்ததும் நெருப்பாகச் சுட்டதாம். அது அப்படித்தான் இருக்கும் என்றாளாம். பத்து நாளில் பூச்சு தூக்கிக்கொண்டு, இடுக்கில் தண்ணீர் தங்கி, அடியில் பச்சை பிடித்தது. நகைக்கடையில் மோதிரக்காரியை உள்ளறைக்கு மாற்றிப் பெட்டிகளுக்குப் பட்டுத்துணி ஒட்டும் வேலையில் உட்காரவைத்தார்கள். எட்டு மாதம் அவள் அந்த அறையில் இருந்தாள். இருந்த எட்டு மாதமும், வந்தவர் போனவரிடம் எல்லாம் அரைமணியைப் பற்றித்தான் பேச்சு. எந்த அழகு நிலையத்தில் போய்க் கேட்டாலும், "ஓ, அந்த மெஷின்காரியா நீ?" என்றார்கள்.

பெயர் போனால் பெயர் போனதுதான். அரைமணி முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தாள். படுக்கை விரிப்பு மாற்றுவது, ஆட்களைப் புரட்டிப் படுக்கவைப்பது, சாப்பாடு ஊட்டுவது. இரண்டு வருடம். அங்கே நகம் வெட்டுகிற நாள் வந்தால் மற்ற ஊழியர்கள் எல்லாருக்கும் திடீரென்று வேறு வேலை வந்துவிடும். எண்பது வயதுக் கால் கட்டைவிரல் நகம் கத்திரிக்கு மசியாது. கொம்புபோல வளைந்து சதைக்குள் போயிருக்கும். அரைமணி பேசின் நிறைய வெந்நீரோடு கட்டிலடியில் உட்காருவாள். இருபது நிமிடம் ஊறவைத்து, துடைத்து, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தி எடுப்பாள். சர்க்கரை நோயாளி என்றால் கத்திரியே கிடையாது, அரம் மட்டும். நகத்தின் நிறத்தைப் பார்த்து ரத்த ஓட்டம் சொல்வாள். கோடுகளைப் பார்த்து, நாலு மாதம் முன்னால் உங்களுக்குப் பெரிய காய்ச்சல் வந்ததா என்று கேட்பாள். ஆமாம் என்பார்கள். நகம் பொய் சொல்லாது என்று அவளுக்கு அங்கேதான் திடமாகத் தெரிந்தது. பொய் சொல்லும் வாய்கள் வேறு.

அம்மாவைப் பார்க்க வந்த மகள்கள், அம்மாவின் நகத்தைப் பார்த்துவிட்டுத் தங்கள் கையையும் நீட்டினார்கள். அப்படிச் சேர்ந்த பத்துப் பன்னிரண்டு பேரை நம்பித்தான் அவள் வேலையை விட்டாள். அக்காவின் தையல் கடையில் பின் பாதியைத் திரைபோட்டு மறைத்து, ஒரு மேஜை, ஒரு விளக்கு, இரண்டு நாற்காலி. முன்னால் அக்காவின் மெஷின் ஓடும், பின்னால் அவள் வேலை நடக்கும்.

சோறு கிடைத்துவிட்டதே, மறந்துவிடலாம்தானே என்று கேட்பவர்களுக்கு அவள் பதில் சொல்லமாட்டாள். தினம் கடையைப் பூட்டுமுன் கிண்ணங்களைக் கழுவும்போது மேடத்தின் பத்து விரல்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பாள். வலது கட்டைவிரல் நகம் அகலம், சப்பை. சுண்டுவிரல் உள்நோக்கி வளைந்தது. நகத்தைப் பல்லால் கடிக்கும் பழக்கம் வேறு. வாடிக்கைக்காரர்கள் பார்க்காதபோது பூச்சையே கடித்துப் பேர்ப்பாள். அந்தப் பத்தும் ஒரு நாள் இந்த மேஜைமேல் வரும். வந்தால் என்ன செய்வது என்று அவள் பல விதமாக யோசித்துவைத்திருந்தாள். எல்லா யோசனையிலும் இரும்புச் சுரண்டி இருந்தது.

இதில் இன்னொரு கூத்து. மோதிரக்காரி அக்காவிடம்தான் துணி தைக்கக் கொடுத்தாள். உள்ளறையிலிருந்து மறுபடி மோதிரப் பிரிவுக்கு வந்துவிட்டாள். சீருடைக் கோட்டு உடம்பில் உட்கார்ந்தாற்போல் இருக்க வேண்டும், அதற்கு அந்த வட்டாரத்தில் அக்காவை விட்டால் ஆளில்லை. வருவாள், திரைப்பக்கம் முதுகைக் காட்டி நிற்பாள், அளவு கொடுப்பாள், போய்விடுவாள். அரைமணி எதிரே வந்தால் சுவரைப் பார்ப்பாள்.

"அவளுக்குத் தைக்க மாட்டேன்னு சொல்லிடட்டுமாடி? நீ என்னமோ கொலைகாரி மாதிரி மூஞ்சியைத் திருப்பிக்கறா" என்று அக்கா ஒருமுறை கேட்டாள்.

"வேணாம்க்கா. வரட்டும். என் கண்ணு முன்னாடியே வந்துட்டுப் போகட்டும்."

மூன்றாம் வருடம் ஒரு திங்கட்கிழமை காலையில் மேடம் வந்தாள். இரண்டு கையிலும் துணி உறை. அக்கா வாயைத் திறக்குமுன் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, உறையைக் கழற்றி, கைகளை மேஜைமேல் வைத்தாள். நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

அரைமணி குனிந்து பார்த்தாள். பாதிப் பூச்சு கடித்துப் பேர்க்கப்பட்டு, பாதி ஒட்டிக்கொண்டு நின்றது. நகங்கள் விளிம்பில் அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தன. இரண்டு நகம் சதையைவிட்டுத் தூக்கி, ஒன்றின் அடியில் பச்சை. விரல் நுனிகளில் தோல் சிவந்து வெடித்திருந்தது. அரிக்கிறதா என்று கேட்டாள். ராத்திரி பகல் தெரியாமல் அரிக்கிறது என்றாள் மேடம். வேறெங்கோ வாங்கிய மலிவுப் பூச்சு, பொருத்தமில்லாத விளக்கு, பாதி வெந்த ஜெல், அது தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை. தன் கடைப் பெண்களை அவசரப்படுத்திய அதே அவசரம், தன் கையிலும்.

மேடத்தின் சங்கடம் வேறு. மூன்றாவது கிளை திறக்கப்போகிறாள். வாசலில் வைக்கப் பெரிய பலகை. அதில் அவள் கைகள்தான் படம். வெள்ளிக்கிழமை படம் எடுக்க ஆள் வருகிறான்.

"என் கடைப் பொண்ணுங்ககிட்ட காட்டினா அன்னைக்கே ஊர் பூரா பேசுவாங்க. வேற கடைக்குப் போனா போட்டோ எடுத்துப் போட்டுருவாங்க" என்றாள் மேடம். பிறகு, மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள்: "நீன்னா பயமில்ல. நீ போய் வெளிய சொன்னாலும் யாரு நம்பப்போறா?"

அரைமணியின் கை அசையவில்லை. ஆனால் அந்த நிமிடத்தில்தான் அவளுக்குள் இருந்த அத்தனை யோசனைகளும் கலைந்து ஒன்றே ஒன்று நின்றது. நகத்தைப் பிடுங்கினால் நாலு நாள் வலிக்கும். தான் இழந்தது பெயர். அதைக் கெடுத்தது ஒரு வாய். நம்பியது ஒரு காது. அந்த வாய் பேச வேண்டும், அந்தக் காதில் விழ வேண்டும்.

இதற்கு நேரம் நிறைய வேண்டும், இன்று முடியாது, வியாழக்கிழமை சரியாக நாலு மணிக்கு வாருங்கள் என்றாள் அரைமணி. மேடம் உறையை மாட்டிக்கொண்டு போனாள். திரைக்கு இந்தப் பக்கம் வந்த அரைமணி, அக்காவின் ஆர்டர் நோட்டைப் புரட்டினாள். மோதிரக்காரியின் கோட்டு, போட்டுப் பார்க்க வரும் நாள்: வியாழன், நாலேகால்.

"வேணும்னே செய்யறியா?" என்றாள் அக்கா.

"வேணும்னேதான்."

"எனக்கு அன்னைக்கு வாய் நிறைய குண்டூசி இருக்கும். நான் எதுவும் பேச மாட்டேன்பா" என்று அக்கா நூலைக் கடித்து அறுத்தாள்.

வியாழக்கிழமை மேடம் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டாள். அரைமணி எல்லாவற்றையும் முறைப்படிதான் செய்தாள். வெடித்த தோலில் அசிட்டோன் எரியாமல் இருக்க விரலைச் சுற்றி வாஸ்லின் தடவினாள். மீதமிருந்த பூச்சைக் கீறி, பஞ்சு வைத்து, ஃபாயிலைச் சுற்றினாள். சுண்டுவிரலில் தொடங்கிக் கட்டைவிரல்வரை, பிறகு அடுத்த கை. பத்து விரலிலும் ஃபாயில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரால் மூக்கைக்கூடச் சொறிய முடியாது. கதவின் கைப்பிடியைத் திருப்ப முடியாது. கைப்பை திறக்காது, கைபேசி பிடிபடாது. எப்பேர்ப்பட்ட முதலாளியும் அந்தப் பதினைந்து நிமிடம் கட்டிப்போட்ட கோழிதான்.

முன்பக்கம் கதவு திறந்து மூடியது. அக்கா யாரையோ வரவேற்று, கோட்டை மாட்டிவிட்டு, கையைத் தூக்குங்கள் என்றாள். அப்புறம் சத்தமில்லை. வாயில் குண்டூசி வந்துவிட்டது.

அரைமணி குரலைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"மேடம், ஒண்ணு கேக்கணும். அந்த நகைக்கடைப் பொண்ணுக்கு அன்னைக்கு நகம் உரிஞ்சுச்சே. நான் மெஷின் வெச்சேன்னு நீங்க நெஜமாவே நெனைச்சீங்களா?"

மேடம் சலித்துக்கொண்டாள். இன்னும் அதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறாயா என்றாள்.

"தெரிஞ்சுக்கணும். அவ்வளவுதான். இன்னும் பத்து நிமிஷம் ஊறணும், சும்மாதானே உக்காந்திருக்கீங்க."

"மெஷினாவது ஒண்ணாவது. நீ போட்டது கல்லு மாதிரி பிடிச்சிருந்துச்சு. அதான் வரவே இல்ல. அவ வேற மணியைப் பாத்து மணியைப் பாத்து உக்காந்திருந்தா. ஒரு நெம்பு நெம்பினேன், வந்துருச்சு." மேடம் தோளைக் குலுக்கினாள். "கடையோட பேரு போகணுமா, உன் பேரு போகணுமான்னு வந்தா நான் எதைப் பாப்பேன்? என் இடத்துல இருந்தா நீயும் அதைத்தான் பண்ணியிருப்பே."

அரைமணி எழுந்து திரையை இழுத்தாள்.

மோதிரக்காரி அங்கே நின்றிருந்தாள். கோட்டின் ஒரு கை குண்டூசிகளால் பிடித்துவைக்கப்பட்டிருந்தது, இன்னொரு கை இல்லவே இல்லை. தூக்கிய கையை இறக்க மறந்திருந்தாள். அக்கா முழங்காலிட்டபடி கோட்டின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள், உதட்டில் ஆறு குண்டூசிகளோடு.

மேடம் எழுந்திருக்கப் பார்த்தாள். ஃபாயில் விரல்களை நாற்காலியில் ஊன்ற முடியாமல் திரும்ப உட்கார்ந்தாள். கைப்பையைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். இரண்டுமே அவளுக்கு இல்லை.

மோதிரக்காரி கோட்டோடு உள்ளே வந்தாள். அவள் கேட்டது மேடத்திடம் இல்லை, அரைமணியிடம்.

"நீ ஏன் அன்னைக்கே சொல்லல?"

"சொன்னேன். நீங்க கேக்கல."

அது உண்மை. மோதிரக்காரிக்கும் அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவள் காது சிவந்தது. எட்டு மாதம் ஜன்னலில்லாத அறையில் பசை வாடையில் உட்கார்ந்திருந்ததும், அந்த எட்டு மாதமும் தப்பான ஆளை வாய் வலிக்கத் திட்டியதும் ஒன்றாக ஏறிக்கொண்டன. மேஜையில் துணிமேல் வரிசையாக இருந்த கருவிகளைப் பார்த்தாள். ஓரத்தில் இரும்புச் சுரண்டி இருந்தது. அரைமணி அதைக் கால் நகங்களின் அழுக்கு எடுக்க மட்டும் வைத்திருந்தாள்.

மோதிரக்காரி அதை எடுத்து அரைமணியிடம் நீட்டினாள்.

"பிடுங்கு. எனக்குப் பிடுங்கின மாதிரியே இவளுக்கும் பிடுங்கு. நான் பாக்கணும்."

மேடம் கைகளை மார்போடு அணைத்துக்கொண்டாள். இரண்டு ஃபாயில் கழன்று விழுந்தது. அரைமணி அந்தக் கைகளில் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். வலது கை. சப்பைக் கட்டைவிரல். ஃபாயில் கழன்ற இடத்தில் பூச்சு பாதி இளகி, பாதி இறுகி நின்றது. இந்தப் பதத்தில் நெம்பினால் என்ன வரும் என்று மேஜையருகே இருந்த மூன்று பேருக்கும் தெரியும். சுரண்டி அவள் கைக்கு வந்துவிட்டது. மூன்று வருடமாகத் தினமும் மனசுக்குள் பிடித்த அதே பிடி. அவளுக்குக் கை நடுங்கவில்லை, அதுதான் விசேஷம். செய்திருந்தால் சுத்தமாகச் செய்திருப்பாள்.

அவள் சுரண்டியைத் துணிமேல் திரும்ப வைத்தாள்.

"நான் பிடுங்கினா, அவ சொன்னது நெஜமாயிடும். நகத்தைக் கெடுத்தவ நான்தான்னு ஆயிடும். மூணு வருஷம் இல்லாத ஒண்ணை, நான் எதுக்கு இப்ப உண்டாக்கித் தரணும்?"

இதை இரக்கம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இரக்கம் அங்கே எள்ளளவும் இல்லை. அவள் புதுப் பஞ்சு எடுத்தாள், நனைத்தாள், கழன்ற விரல்களுக்குப் புது ஃபாயில் சுற்றினாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, முதலிலிருந்து பதினைந்து நிமிடம் என்றாள். மோதிரக்காரிக்கு இன்னொரு நாற்காலியை இழுத்து, மேடத்துக்கு நேர் எதிரே போட்டாள். உட்காருங்கள், நான் செய்வதைப் பாருங்கள் என்றாள். அக்கா வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டு, அவளும் ஸ்டூலை இழுத்துக்கொண்டு வந்தாள். மேடம் தலையைக் குனிந்தால் ஃபாயில் தெரிந்தது, நிமிர்ந்தால் மோதிரக்காரி தெரிந்தாள். பதினைந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று அவளுக்கு யாரும் இதற்கு முன் காட்டியதில்லை.

பிறகு ஃபாயிலைப் பிரித்தாள். பூச்சு சுருண்டு நின்றது. மரக்குச்சியால் தொட்டதும் விழுந்தது. ஒரு நகத்துக்குக்கூட வலிக்கவில்லை. ஒவ்வொரு நகம் வெளிவரும்போதும் அரைமணி மோதிரக்காரிக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள்: இது கடித்துப் பேர்த்தது, அடுக்கு பிரிந்திருக்கிறது. இது சதையைவிட்டுத் தூக்கிவிட்டது, இதற்குக் கீழே எதையும் விட்டுக் குடையக் கூடாது, வெட்டிக் குட்டையாக வைக்க வேண்டும். இது பச்சை, கிருமி, டாக்டரிடம் காட்ட வேண்டும். இந்தச் சிவப்பு ஜெல் ஒவ்வாமை. தோல் டாக்டரைப் பார்க்கிறவரை ஜெல் பக்கமே போகக் கூடாது. பல் கட்டப் போனால் அங்கேயும் இதைச் சொல்ல வேண்டும், அந்தச் சாமானிலும் இதே சரக்கு இருக்கும். மேடத்தின் கையை வைத்துக்கொண்டு மேடத்திடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோலத்தான் இருந்தது.

மேடத்துக்கு அழுகை வந்துவிட்டது. நாளைக்குப் படம், ஒரே ஒரு பூச்சு போடு, மெல்லிசாக, படம் எடுத்ததும் எடுத்துவிடலாம் என்றாள். கெஞ்சினாள். அரைமணி என்று கூப்பிடாமல், முதல் தடவையாக, அம்மா என்று கூப்பிட்டாள்.

"போட மாட்டேன்" என்றாள் அரைமணி. "ஒழுங்கா வேலை தெரிஞ்ச யாரும் போட மாட்டாங்க. போடறேன்னு யாராவது சொன்னா அவங்ககிட்ட கையைக் குடுக்காதீங்க."

எண்ணெயை எடுத்து நக வேர்களில் ஒவ்வொரு துளி விட்டுத் தேய்த்தாள். முதியோர் இல்லத்தில் தேய்த்த அதே அழுத்தம், கூடவும் இல்லை குறையவும் இல்லை. முடிந்ததும் சொன்னாள். நகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர்தான் வளரும். அடியிலிருந்து நுனிவரை நல்ல நகம் வர ஆறு மாதம். அதுவரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குட்டையாக வெட்டி, விளிம்பைத் தேய்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் துணியில் மாட்டி மறுபடி கிழியும். அதை நான் செய்கிறேன். ஆனால் முன் கதவு வழியாக வர வேண்டும், பகலில் வர வேண்டும், கையில் உறை இல்லாமல் வர வேண்டும். யாராவது என்ன ஆச்சு என்று கேட்டால், நடந்ததைச் சொல்ல வேண்டும், மூன்று வருடம் முன்னால் நடந்ததையும் சேர்த்து. முடியாது என்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.

மேடம் எழுந்து போனாள். கதவைத் தோளால் தள்ளினாள், எண்ணெய்க் கை வழுக்கும் என்பதால்.

மோதிரக்காரி மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அரைமணி என்ன சொல்லியிருப்பாளோ தெரியாது. கண்ணாடி முன் போய் நின்று, மீதிக் கோட்டுக்குக் குண்டூசி குத்தச் சொன்னாள். போகும்போது, "எங்க கடையில பதினாலு பேர் இருக்கோம். எல்லார்கிட்டயும் நான்தான் அப்ப சொன்னேன். இப்பவும் நானே சொல்றேன்" என்றாள். கதவுவரை போய்த் திரும்பி, "அடுத்த தடவை எனக்கும் இதே நேரம் போடுங்க. எத்தனை தடவை கோட்டைச் சரிபண்ணணுமோ பண்ணிக்கலாம்" என்றாள் அக்காவிடம்.

பலகை வந்தது. அதில் கை இல்லை, ஏதோ பூ இருந்தது. அந்தப் பக்கம் போன எல்லாரும், கை எங்கே என்று கேட்டார்களாம்.

"ஆத்திரம் அடங்கிச்சாடி?" என்று அக்கா கேட்டாள்.

"பாதிகூட இல்ல."

இரண்டு வாரம் கழித்து வியாழக்கிழமை, வெயிலில், முன் கதவு வழியாக மேடம் வந்தாள். வேறு போக்கிடம் இல்லை. டாக்டரும் அதையேதான் சொல்லியிருந்தார், வெட்டு, தேய், காத்திரு. கையில் உறை இல்லை. முன்பக்கம் பொத்தான் தைக்கக் காத்திருந்த இரண்டு பெண்கள் அந்த நகங்களைப் பார்த்தார்கள், ஒருத்தி என்னங்க ஆச்சு என்று கேட்டாள். மோதிரக்காரி ஏற்கெனவே கண்ணாடிமுன் நின்றிருந்தாள், பதிலுக்காகத் திரும்பி. மேடம் சொன்னாள், தாழ்ந்த குரலில், முதலில் தன் கையைப் பற்றி, அப்புறம் மற்றதையும். காது கேட்கவில்லை, கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள் என்றாள் மோதிரக்காரி. சத்தமாகச் சொன்னாள்.

அரைமணி அவளை உட்காரவைத்து, கையை விளக்கடியில் இழுத்து, வேரோரம் புதிதாக வந்திருந்ததை அளவுகோலால் அளந்தாள். ஒன்றரை மில்லிமீட்டர். நல்ல நகம்தான், இளஞ்சிவப்பாக, வழவழவென்று. இரண்டு வாரத்துக்கு ஒன்றாக, இன்னும் பதினொரு வியாழக்கிழமை இருந்தது.